கெட்டுப்போன சிக்னலையும் அனுப்பிப் பார்க்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பொறியியல் மாணவர்களின் செய்முறைப் பயிற்சி பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கருவிகளைச் சோதிக்கும் வேலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். சீரியல் தொடர்பு (தகவலை 0, 1 என்ற பிட்களாக ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பியில் அனுப்புவது) என்றால் கேபிளைச் செருகுவது, திரையில் எழுத்து வந்ததும் எழுந்துவிடுவது என்று ஆகிவிட்டது. கம்பியில் ஓடுவதை மாணவர் தானே உருவாக்கிப் பார்ப்பதில்லை. அதற்கு ஒரு டேட்டா அக்விசிஷன் கார்டு போதும்; கணினியோடு இணைத்து மின்னழுத்தத்தை அளக்கவும், நாம் சொல்லும் மின்னழுத்தத்தை வெளியே அனுப்பவும் உதவும் கார்டு அது. அதை மின்னழுத்தம் அளக்க மட்டுமே வைத்திருக்கிறோம்.

என்னிடம் பயிற்சிக்கு வருபவர்களுக்கு முதலில் ஆங்கிலப் பெரிய 'ஏ' (A) எழுத்தைக் கொடுப்பேன். தொடக்கத்தைச் சொல்லும் ஸ்டார்ட் பிட் (0), பிறகு மதிப்பில் சிறிய பிட்டிலிருந்து 1, 0, 0, 0, 0, 0, 1, 0, கடைசியில் முடிவைச் சொல்லும் ஸ்டாப் பிட் (1). 9600 பாட், அதாவது வினாடிக்கு 9600 பிட் வேகத்தில் ஒரு பிட் சுமார் 104 மைக்ரோவினாடி. சீரியல் போர்ட்டின் மின்னழுத்தங்களை வகுக்கும் ஆர்எஸ்-232 முறையில் 1 என்றால் மைனஸ் வோல்ட், 0 என்றால் பிளஸ் வோல்ட். இந்தத் தலைகீழில் இடறாதவர் இல்லை. கார்டின் அனலாக் அவுட்புட் (மின்னழுத்தம் வெளிவரும் முனை) பிளஸ் மைனஸ் 10 வோல்ட் வரை போகுமானால் மின்னழுத்தத்தை மாற்ற நடுவில் வேறு சிப்பே வேண்டாம்.

எல்லோரும் முதலில் புரோகிராம் லூப்பில் ஒவ்வொரு பிட்டாக அனுப்பப் பார்ப்பார்கள். சிக்னலின் வடிவத்தைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பில் ஒரு பிட் குட்டையாக, அடுத்தது நீளமாகத் தெரியும். கணினி நடுவே வேறு வேலைக்குப் போய்வருவதுதான் காரணம். அதையே பிட்டுக்குப் பத்து சாம்பிளாக (மின்னழுத்த மதிப்பாக) பஃபர் என்னும் தற்காலிக நினைவகத்தில் நிரப்பி, நேரத்தை அளந்து தரும் கார்டின் சொந்த கிளாக்கில், வினாடிக்கு 96,000 சாம்பிள் வேகத்தில் ஓடவிட்டால் பிட்கள் ஒரே அகலத்தில் வரிசையாக நிற்கும். அதைப் பார்க்கும்போது அந்தப் பிள்ளைகள் முகத்தில் வரும் வெளிச்சத்துக்காகவே இந்தப் பாடத்தை விடாமல் நடத்துகிறேன்.

முக்கியமான பாடம் அதற்குப் பிறகுதான். கிளாக்கின் வேகத்தைச் சற்றுச் சற்றாகக் குறைக்கச் சொல்வேன். 2 சதவீதத்தில் ஒன்றும் ஆகாது. வாங்கும் கருவி ஸ்டார்ட் பிட்டின் விளிம்பை மட்டும் பிடித்துக்கொண்டு, மீதியைத் தன் கணக்கில் படிக்கிறது. பிட்டுக்குப் பிட் பிசகு சேர்ந்துகொண்டே போகும். 7 சதவீதத்தில், அது ஸ்டாப் பிட்டைத் தேடும் நேரத்தில் கம்பியில் இன்னும் கடைசி டேட்டா பிட்டின் 0 இருக்கும். அப்போது ஃபிரேமிங் பிழை (ஸ்டாப் பிட் உரிய இடத்தில் இல்லை) என்று அது சொல்லியே ஆக வேண்டும்.

எல்லாக் கருவியும் சொல்வதில்லை. சோதனைக்கு வந்த ஓர் எடை காட்டும் பெட்டிக்கு ஸ்டாப் பிட்டை வேண்டுமென்றே கெடுத்து அனுப்பினோம். பிழை என்று காட்டாமல், நாங்கள் அனுப்பாத ஓர் எடையைத் திரையில் காட்டியது. நல்ல சிக்னலில் மட்டும் பார்த்திருந்தால் அதைத் தேறியதாகவே எழுதியிருப்போம். சாதாரண சீரியல் போர்ட் இப்படிக் கெட்ட சிக்னலை நம் இஷ்டத்துக்குத் தராது. டேட்டா அக்விசிஷன் கார்டு தரும்.

செய்முறைத் தேர்வில் இந்த 7 சதவீதச் சோதனையை ஒரு கேள்வியாகவாவது வைக்கும்படி ஆசிரியப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கருவிச் சோதனைப் பொறியாளர் ஒருவர்