பாலைவனத்துக்குப் போகிறவளுக்குக் குடை

பெஸ்தாரி ஜெயா
(பழைய பெயர் பத்தாங் பெர்ஜுந்தை. உனக்கும் எனக்கும் என்றைக்கும் அதுதான்)

டேய் செல்வம்,

திட்டாதே. உன் கடிதம் தீபாவளிக்கு முன்னமே வந்தது. எழுத உட்காரவில்லை, அவ்வளவுதான். வீட்டில் எல்லாரும் சுகம். என் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. ராமாயி அத்தை நம் இரண்டு பேரையும் விடத் தெம்பாக இருக்கிறது.

சேதி இதுதான். என் சின்னவளுக்கு ஐக்கிய அரபு எமிரேட்ஸில், அல் அய்னில் தாதி வேலை. அடுத்த மாதம் கிளம்புகிறாள். அத்தை அவள் பெட்டியில் ஒரு குடையைச் செருகி வைக்க, மணியம் பார்த்துவிட்டான். "பாலைவனத்துக்குக் குடையா?" என்று சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி அவன் மூக்கில் ஏறிவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லைடா. 2024 ஏப்ரலில் அதே அல் அய்ன் பக்கம், கத்ம் அல் ஷக்லா என்ற இடத்தில், 24 மணி நேரத்துக்குள் 254 மில்லிமீட்டர் கொட்டியிருக்கிறது. 1949-இல் பதிவெடுக்கத் தொடங்கியது முதல் அந்த நாடு அப்படி ஒரு மழையைக் கண்டதில்லை. துபாயில் விமானங்கள் தண்ணீருக்குள் நின்றன.

மணியத்திடம் எதற்கும் பதில் தயார். "அவனுங்க மேகத்துல உப்பு தூவுறானுங்க, அதான்!" தூவுவது உண்மை. ஆனால் இருக்கிற மேகத்திலிருந்து கொஞ்சம் கூடுதலாகக் கறக்கலாமே தவிர, ஓமானிலிருந்து பஹ்ரைன் வரை நனைத்த மழையை உப்புப் பொட்டலத்தால் வரவழைக்க முடியுமா? அது வரப்போவது முன்னமே தெரிந்துதான் பிள்ளைகளை வீட்டிலிருந்தே படிக்கச் சொன்னார்கள். காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 7 விழுக்காடு அதிக ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு ஒரேயடியாகக் கொட்டும். பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நினோ ஆண்டுகளில் அந்த வட்டாரத்துக் கனமழை, உலகம் சூடேறுவதற்கு முன்பு இருந்ததைவிட 10 முதல் 40 விழுக்காடு வரை கூடியிருப்பதாக வேர்ல்ட் வெதர் அட்ரிபியூஷன் என்ற பருவநிலை ஆய்வுக் குழு கணக்கிட்டது. இதையெல்லாம் சொன்னால் மணியம் இன்னொரு தேத்தண்ணி கேட்கிறான்.

254 நமக்குப் பெரிதா என்பாய். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் வாங்கிப் பழகிய மண் இது. தோட்டத்தில் வாய்க்கால் தூர்ந்தால் உன் அப்பா போட்ட சத்தம் ஆற்றங்கரை வரை கேட்கும். துபாயில் ஆண்டு முழுக்கப் பெய்வதே சராசரியாக 100-ஐத் தொடாது. அதற்கு யார் பெரிய வாய்க்கால் வெட்டுவார்கள்? இறுகிக் கிடக்கும் தரையில் தண்ணீர் சட்டென்று இறங்காது. சரிவு பார்த்து ஓடி, 'வாடி' என்கிற காய்ந்த ஆற்றில் சேர்ந்துவிடும். நீ நிற்கிற இடத்தில் வெயிலடிக்கும், எங்கோ மலையில் பெய்தது மதில் மாதிரி வரும். ஓமானில் அந்த வாரம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வண்டியோடு அடித்துக்கொண்டு போனது அப்படித்தான். பிள்ளைகள்டா. அதைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் சரியில்லை.

அதனால் உன்னிடம் ஒரு வேலை. அப்பன் சொன்னால் அவளுக்குக் காதில் ஏறாது. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் மாடியேறி உட்கார்ந்து படகுக்குக் காத்திருந்தவன் நீ. நீ சொன்னால் கேட்பாள். வாடியில் முழங்கால் தண்ணீர்தானே என்று காரை இறக்கக்கூடாது. மழை எச்சரிக்கை வந்தால் வேலைக்குக் கிளம்புமுன் மேலதிகாரிக்கு ஒரு போன். இந்த இரண்டை மட்டும் சொல். மணியம் எதிரில் சொல்லாதே, கெடுத்துவிடுவான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடு. நாட்டுக்கோழி சொல்லி வைத்திருக்கிறேன். சீட்டுக்கட்டு வேண்டாம், போன தடவைக் கணக்கே பாக்கி.

உன்,
கோபால்