வாங்கணிக்குத் திரும்ப ரயில் விட்டவர்களுக்கு

மும்பை லோக்கல் லைனில் வாங்கணிக்கும் பத்லாப்பூருக்கும் நடுவே மழையில் நின்று ஜல்லி அள்ளிப் போட்ட அத்தனை பேருக்கும் வணக்கம். உங்கள் தண்டவாள கேங்கில் இருக்கும் சேலத்துத் தம்பி இதை உங்களுக்கு மராத்தியில் வாசித்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார், அந்தத் தைரியத்தில்தான் தமிழிலேயே எழுதுகிறேன். தம்பி, கூடக் குறைச்சலாகச் சொல்லிவிடாதே.

தாராவியில் வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாமல் கல்யாணையும் தாண்டி இங்கே வந்து குடியேறிய குடும்பம் எங்களுடையது. மஸ்ஜித் பந்தரில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். ரயில் ஓடினால்தான் எனக்குச் சம்பளம், நின்றால் லீவு, லீவு என்றால் பிடித்தம், அவ்வளவுதான் என் கதை. அன்று ராத்திரி பெய்த மழையில் உல்லாஸ் ஆறு ஏறி வந்து ரயில் லைனைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போயிருந்தது. விடிந்ததும் பால்கனியிலிருந்து பார்க்கிறேன், தண்டவாளம் இருக்கிறது, குறுக்கே போடும் ஸ்லீப்பர் கட்டைகள் கிளிப்போடு அதிலேயே தொங்குகின்றன, அடியில் மட்டும் ஒன்றுமே இல்லை, செம்மண் தண்ணீர்தான் ஓடுகிறது. ஏணியைப் படுக்கப் போட்டமாதிரி.

அப்பாவுக்குப் போன் போட்டேன். அவர் விருத்தாசலம் பக்கம் கீமேனாக இருந்து ரிட்டயர் ஆனவர், தோளில் சுத்தியலும் ஸ்பேனரும் கையில் சிவப்பு, பச்சைக் கொடியுமாகத் தினமும் தன் பீட்டுத் தண்டவாளத்தை நடந்தே பார்த்தவர். எடுத்த எடுப்பில் கேட்டது, "ஜல்லி போச்சா, மண்ணும் சேர்ந்து போச்சா?" மண்ணும்தான் என்றேன். "அப்ப இன்னைக்கு வேலைக்குப் போற நெனப்ப விட்டுடு" என்றார். ஜல்லி மட்டும் போயிருந்தால் கொட்டி இடித்து வண்டியை விட்டுவிடலாமாம், அடிமண் கரைந்தால் கீழேயிருந்து கட்டிக்கொண்டு வர வேண்டும்.

அப்படித்தான் செய்தீர்கள். ரோட்டுப் பக்கம் சேறு, ஜேசிபி வர வழியில்லை, மேலே 25,000 வோல்ட் கம்பியில் கரன்ட்டை நிறுத்தி பவர் பிளாக் கிடைத்த பிறகு மண் மூட்டைகளை ஆள் மாற்றி ஆள் கைமாற்றிக் கொண்டுபோய் அடுக்கினீர்கள். அப்புறம் பாறைக்கல், அதன் மேல் ஜல்லி வண்டி வந்து கொட்டிய ஜல்லி. ஒரு கான்கிரீட் ஸ்லீப்பர் 280 கிலோவுக்குப் பக்கத்தில் இருக்கும். ஒருவர் "ஜோர் லகாகே" என்பார், மற்றவர்கள் "ஹைஷா" என்று கடப்பாரையை நெம்புவார்கள், எங்கள் ஊரில் இதுவே ஐலசா. ராத்திரி ரெண்டு மணிக்கும் அந்தச் சத்தம் கேட்டது, என் பையன் தூக்கத்திலேயே ஹைஷா என்றான்.

முகாதம் காக்கா, கேங்குக்குத் தலைவரான உங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஜாக்கி வைத்து லைனைத் தூக்கும்போது கொட்டுகிற மழையில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தண்டவாளத்தில் வைத்து, ஒற்றைக் கண்ணால் நீளத்துக்கும் பார்த்து, விரலை மட்டும் தூக்கி இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று காட்டினீர்களே, என் அப்பாவும் அப்படித்தான் படுப்பார். சின்ன வயதில் அவர் கன்னத்தில் கிரீஸ் கறையைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு கூடையில் ஜல்லி சுமந்த அந்தப் பெண்ணுக்கும், பாகரி ரொட்டி தட்டித் தட்டிக் கை சிவந்த எதிர்வீட்டு மாவ்ஷிக்கும், வழக்கமான ஷேர் காசுக்கே பத்லாப்பூர் வரை கொண்டுபோய் விட்ட ரிக்‌ஷாக்காரர்களுக்கும் நன்றி. நாலு மடங்கு கேட்ட ஒருவர் இருக்கிறார், அவருக்குச் சொல்ல மனசு வரவில்லை.

எங்கள் ஸ்டேஷனின் பெயர் நாடு முழுக்கத் தெரிந்தது 2021 ஏப்ரலில். தண்டவாளத்தில் விழுந்த குழந்தையை பாயின்ட்ஸ்மேன் மயூர் ஷெல்கே எதிரே வரும் ரயிலை நோக்கி ஓடித் தூக்கினாரே, அந்த ஸ்டேஷன். குழந்தையின் அம்மாவுக்குப் பார்வை கிடையாது. வாங்கணியில் பார்வையில்லாத குடும்பங்கள் நிறைய, லோக்கலில் ஏறி பொம்மை, பேனா, சாவிக்கொத்து விற்றுத்தான் பலருக்குப் பிழைப்பு. ரயில் நின்றால் எனக்கு ஒருநாள் சம்பளம் போகும், அவர்களுக்கு அன்றைக்கு அடுப்பே எரியாது. அதனால் இந்த நன்றி என்னுடையது மட்டும் இல்லை.

ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டும். தண்டவாள வேலைக்காக ரயிலை நிறுத்தும் ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக் என்றாலே வாய்க்கு வந்தபடி திட்டுகிற ஆள் நான், கீமேன் மகள் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. மறுநாள் மாலை வண்டி விட்டபோது அந்த இடத்தில் 20 என்று வேகப் போர்டு நட்டிருந்தீர்கள். லேடீஸ் டப்பாவில் ஒரே முணுமுணுப்பு, இதற்கு நடந்தே போகலாம் என்று. ஏறி இறங்கும் வண்டிகளின் பாரத்தில்தான் புது ஜல்லி அமுங்கி இறுகும், பார்த்துப் பார்த்துத்தான் வேகத்தைக் கூட்டுவார்கள் என்று நான் வகுப்பே எடுத்துவிட்டேன். சாவிக்கொத்து விற்கும் பக்கத்துவீட்டு அக்கா மட்டும் எதுவும் பேசாமல் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "சத்தம் இங்கே மெத்துனு இருக்கு, புதுசு" என்றார். அதே இடம்தான்.

அப்புறம், எலுமிச்சம்பழச் சோறு கொண்டுவந்த எங்கள் தூக்குவாளி உங்களிடமே தங்கிவிட்டது. மூடியில் அப்பாவின் பெயர் வெட்டியிருக்கும். திருப்பித் தர வேண்டாம், உங்கள் டூல் ரூமிலேயே இருக்கட்டும். அப்பாவிடம் சொல்லிவிட்டேன், "கேங்லதானே இருக்கு, இருக்கட்டும்" என்றார்.