ஓடைப் பாலத் திருப்பணி நிறைவு அறிக்கை

சங்க உறுப்பினர்களுக்கும் ஊர்ப் பெரியோர்களுக்கும் வணக்கம்.

ரங்கூனுக்கு எதிரே ஆற்றின் அக்கரையில் உள்ள தலாவில், நம் கோயிலுக்கும் படகுத்துறைக்கும் நடுவே இருந்த மரப்பாலம் அகற்றப்பட்டு, கான்கிரீட் பாலம் கட்டி முடிக்கப்பட்டுள்ளது. சித்திரைப் புத்தாண்டுக்கு முன்பே மக்கள் நடக்கத் தொடங்கிவிட்டார்கள்.

பழைய பாலத்தைப் பழிக்க மனம் வரவில்லை. வைரம் பாய்ந்த பியிங்கடோ மரம் அது. 2008 மே மாத நர்கிஸ் புயலையே தாங்கி நின்றது. ஆனால் ஓதநீர் நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும் மட்டத்தில் கால்கள் உளுத்துவிட்டன. மழைக்காலத்தில் பள்ளிப் பிள்ளைகளைக் கைபிடித்துக் கடத்திவிட ஆள் நிறுத்த வேண்டியிருந்தது.

கோயில் பணத்தில் ஊருக்குப் பாலமா என்று பொதுக்கூட்டத்தில் சிலர் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். விடியற்காலையில் பிக்குகள் பிச்சைக்கு வருவதும், ரங்கூனின் பான்சோடான் துறைக்குப் போகும் படகைப் பிடிக்கக் கூலித் தொழிலாளர்கள் ஓடுவதும், நம் காவடிகள் வருவதும் அந்த ஒரே வழியில்தான். புயலுக்குப் பின் யார் வீட்டு உலையில் யாருக்குச் சோறு வெந்தது என்று எவரும் கணக்குப் பார்க்கவில்லை. பாலத்துக்கு மட்டும் ஏன் பார்க்க வேண்டும்? அக்கரைப் பர்மியக் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் மணல் சுமந்தார்கள், பணமும் தந்தார்கள்.

எங்களைப் பெரிதும் வாட்டியது தண்ணீர். மே மாதத்தில் மழை இறங்கிவிடும் என்பதால் கோடையில்தான் அடித்தளம் போட முடியும். தலாவின் குளங்கள் வற்றி, குடிநீருக்கு மக்கள் குடத்தோடு காத்து நிற்பதும் அப்போதுதான். ஆற்றுநீரோ உவர்ப்பு, அதில் கலவை போட்டால் உள்ளே கம்பி துருவேறிப் பருத்து, கான்கிரீட்டையே பிளந்துவிடும். ஊரார் குடிக்கும் நீரில் கை வைப்பதில்லை என்று குழு ஒருமனதாக முடிவு செய்தது. ரங்கூன் கரையிலிருந்து பீப்பாய்களில் நல்ல தண்ணீர் படகேறி வந்தது. கலவைக்கும், போட்ட கான்கிரீட் நன்றாக இறுகச் சாக்கு போர்த்தி நனைத்து வைப்பதற்கும் அதுவே பயன்பட்டது. மதிப்பீட்டைவிடச் செலவு கூடியதற்கு முதற்காரணம் இதுதான். உப்புக்காற்றை எண்ணி, கம்பிக்கு வெளியே 50 மில்லிமீட்டர் கனத்துக்குக் கான்கிரீட் மூடியிருக்கும்படி (கவர்) விடச் செய்தோம்.

சப்பரம் தடையின்றிப் போகும். நீர் ஏறியிருக்கும்போதும் சம்பான் எனும் சிறு படகுகள் அடியில் நுழையும். கல்வெட்டில் நன்கொடையாளர் பெயர் எதுவும் இல்லை. பர்மிய மொழியிலும் தமிழிலும் கட்டிய ஆண்டு மட்டும் பொறிக்கப்பட்டுள்ளது.

கைப்பிடிக்கு வண்ணம் பூசுவதும், மேற்குப் பக்க ஏற்றத்துக்கு மண் நிரப்புவதும் பாக்கி. மண் வேலை மழைக்கு முன் முடிய வேண்டும். வர இயன்றவர்கள் ஞாயிறு காலை மண்வெட்டியோடு வாருங்கள். வரவு செலவுக் கணக்கும் ரசீதுகளும் கோயில் அலுவலகத்தில் உள்ளன. எந்த உறுப்பினரும் பார்க்கலாம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு