63 கிலோவுக்குள் வர நினைக்கும் மகளுக்கு

அன்புள்ள கயல்,

நேற்று போனில் நீ சொன்னதிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறேன். பவர்லிஃப்டிங் போட்டிக்கு எட்டு வாரம் இருக்கிறது, காலை எடை 65.4, 63 கிலோ பிரிவில் இறங்க வேண்டும், ஸ்குவாட் (எடை மாட்டிய பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) மட்டும் குறையக் கூடாது என்றாய். கடைசி மூன்று நாள் தண்ணீரை நிறுத்தி சானாவில் உட்கார்ந்தால் இரண்டரை கிலோ தானாக இறங்கிவிடும் என்று ஜிம்மில் யாரோ சொன்னார்களாம். கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. போனில் அரைகுறையாகப் பேசுவதைவிட எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது. படித்துவிட்டு உன் கோச்சிடமும் காட்டு.

2.4 கிலோ குறைக்க உன்னால் முடியும். எட்டு வாரம் தாராளம். ஆனால் தண்ணீரில் கை வைக்காதே.

காரணம் நேரம். நீ இறங்கும் போட்டி ஐ.பி.எஃப். (சர்வதேச பவர்லிஃப்டிங் கூட்டமைப்பு) விதிப்படி நடக்கிறது. எடை பார்ப்பது போட்டி தொடங்க இரண்டு மணி நேரம் இருக்கும்போது ஆரம்பித்து ஒன்றரை மணி நேரம் நடக்கும். வேறு சில அமைப்புகளில் 24 மணி நேரம் முன்னதாகவே எடை பார்த்துவிடுவார்கள். சானாவில் கிலோ கணக்கில் இறக்கிய கதைகள் பெரும்பாலும் அங்கிருந்து வருபவை. ஒரு நாள் முழுக்கக் குடித்துச் சாப்பிட்டுத் தேறிக்கொள்ள அவர்களுக்கு அவகாசம் இருக்கிறது. உனக்கு இரண்டு மணி நேரம்தான், அதிலும் பாதி வார்ம்-அப்பில் போய்விடும். அவசர அவசரமாகக் குடித்தாலும் வயிறு ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ ஒரு லிட்டருக்கு மேல் குடலுக்கு அனுப்பாது. அது ரத்தத்தில் கலந்து தசைக்குப் போய்ச் சேர இன்னும் நேரம் வேண்டும். இரண்டு கிலோ வியர்த்துவிட்டு வந்தால், வறண்ட உடம்போடுதான் பாருக்கு அடியில் நிற்பாய்.

பெண்கள் எடை பார்க்கும் அறையில் நடுவராக உட்கார்ந்த நாட்களில் இதை நேரிலேயே பார்த்திருக்கிறேன். ஒரு பெண் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தாள். உதடு வெளுத்து வெடித்திருந்தது. கையில் ஒரு பாட்டில், அதில் எச்சிலைத் துப்பிக்கொண்டே இருந்தாள். முதல் முறை எடை கூடுதலாக இருந்தது. நேரம் முடிவதற்குள் மறுபடி ஏறலாம் என்பதால் வெளியே ஓடிவிட்டு வந்து, கடைசி நிமிடங்களில் சரியாக எடைக்குள் வந்துவிட்டாள். முதல் அட்டெம்ப்ட்டில் எவ்வளவு தூக்கப் போகிறாள் என்று எழுதக் கார்டை நீட்டினோம். பேனாவைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கியது. எழுதிய எண்ணைத் திரும்பக் கேட்டுத்தான் புரிந்துகொண்டோம். மேடையில் பாரைத் தூக்கிப் பின்னால் இரண்டடி வைக்கும்போதே கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. மூன்று ஸ்குவாட்டும் போய்விட்டன. மூன்றும் போனால் டோட்டல் (ஸ்குவாட், பெஞ்ச், டெட்லிஃப்ட் மூன்றின் கூட்டுத்தொகை) கிடையாது. அத்தனை மாத உழைப்பும் முதல் அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

வலிமை போவதோடு இது நிற்பதும் இல்லை. 1997-ல் அமெரிக்காவில் ஏறத்தாழ ஒரு மாத இடைவெளியில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படித் தண்ணீரை வற்றடித்து எடை குறைக்கும்போதே இறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே கல்லூரிப் போட்டிகளில் சானாவுக்கும் ரப்பர் உடைக்கும் தடை போட்டார்கள். சிறுநீரை அதிகமாக்கும் மாத்திரை என்று யாராவது நீட்டினால் தொடாதே. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் பட்டியலில் அது எப்போதுமே தடைசெய்யப்பட்டது, போட்டி நாளில் மட்டும் என்று இல்லை. எடை பார்த்த பிறகு டிரிப்ஸ் ஏற்றிக்கொள்வதும் அப்படித்தான். ஆஸ்பத்திரி சிகிச்சைக்கு அல்லாமல் 12 மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் போனால் விதிமீறல்.

சரி, எப்படிக் குறைப்பது? மெதுவாக. வாரத்துக்கு உடல் எடையில் அரை சதவீதம், உனக்கு 300 கிராம் சொச்சம். நாளைக்கு 300 முதல் 350 கலோரி குறைத்தால் போதும். இதைவிட வேகமாகப் போனால் கொழுப்போடு தசையும் கரையும். முதல் ஆறு வாரத்தில் 63.6 அளவுக்கு வந்து நில். புரதத்தை மட்டும் குறைக்காதே, கிலோவுக்கு 2 கிராம், அதாவது நாளைக்கு 130 கிராம் பக்கம். குறைப்பதை முதலில் எண்ணெயிலும் நொறுக்குத்தீனியிலும் குறை. பயிற்சிக்கு முன்னும் பின்னும் சாப்பிடும் மாவுச்சத்தில் கை வைத்தால் மறுநாளே பார் சொல்லிவிடும்.

எடை பார்ப்பதிலும் ஒரு நிதானம் வேண்டும். தினமும் காலையில், கழிவறை போய்வந்து, எதுவும் குடிக்கும் முன் பார். ஒரு நாள் எண்ணைப் பார்த்துச் சாப்பாட்டை மாற்றாதே. வாரச் சராசரியை மட்டும் எடுத்துக்கொள். உப்பு கொஞ்சம் கூடினாலே மறுநாள் அரை கிலோ ஏறும், அது கொழுப்பு இல்லை. மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் நீர் கோத்து ஒரு கிலோ கூடினாலும் ஆச்சரியப்படாதே. போட்டித் தேதி அந்த நாட்களில் விழுகிறதா என்று இன்றே காலண்டரைப் பார். விழுந்தால் அந்தக் கூடுதலையும் கணக்கில் வைத்துத்தான் திட்டம் போட வேண்டும். இன்னொன்று, மாதவிலக்கு வராமல் நின்றால் எடைக் குறைப்பை அன்றே நிறுத்திவிட்டு டாக்டரைப் பார். உடம்புக்குத் தேவையான சாப்பாடு போகவில்லை என்பதற்கு அது அடையாளம், எலும்பு வரைக்கும் பாதிக்கும். இதில் அம்மாவிடம் மறைக்காதே கண்ணு.

பயிற்சியில் பலர் செய்வதற்கு நேர்மாறாகச் செய். எடை குறைக்கிறோம் என்று பாரின் எடையைக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்டி வியர்க்க வியர்க்கச் செய்வார்கள். நீ பாரில் கனத்தை அப்படியே வைத்துக்கொண்டு செட்டுகளைக் குறை. ஐந்து செட் போட்ட இடத்தில் மூன்று போடு. கனமான பாரை வாராவாரம் தொட்டுக்கொண்டே இருந்தால்தான் இருக்கிற பலத்தை விட்டுவிட உடம்புக்குக் காரணம் கிடைக்காது. உன் அதிகபட்ச எடையில் 90 சதவீதத்தை ஒரே ஒரு முறை தூக்கி வீடியோ பிடி. இரண்டு வாரம் தொடர்ந்து அது மெதுவாகிக்கொண்டே போனால் 150 கலோரி திருப்பிச் சேர்த்துக்கொள், தூக்கத்தையும் கவனி.

இன்னொரு விஷயம், உடம்பு இளைத்தால் தசை குறையாமலேகூட லிஃப்ட் மாறும். வயிறும் தொடையும் கொஞ்சம் மெலிந்ததும் ஸ்குவாட்டில் அடியில் உட்காரும்போது கிடைத்த அந்த அழுத்தமும் தாங்கலும் குறையும். பெல்ட்டில் ஒரு துளை உள்ளே போகும். அந்தப் புதுத் துளையிலேயே பயிற்சி செய், போட்டியன்று முதல் முறையாக இறுக்காதே. பெஞ்சில், அதாவது படுத்தபடி பாரை மேலே தள்ளுவதில், முதுகும் மார்பும் இளைத்த அளவுக்குப் பார் கூடுதல் தூரம் போகும், எடைக் குறைப்பு அங்கேதான் முதலில் தெரியும். தரையிலிருந்து பாரைத் தூக்கும் டெட்லிஃப்ட் அவ்வளவாகக் குறையாது, சிலருக்கு வயிறு இடிக்காமல் குனிய முடிவதால் தொடக்கம் சுலபமாகக்கூட ஆகும். அதனால் பெஞ்ச் இரண்டரை கிலோ குறைந்தால் பதறிப்போய்ப் பட்டினி கிடக்கவோ, எல்லாவற்றையும் கைவிடவோ வேண்டாம்.

கடைசி மூன்று, நான்கு நாளில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: நார்ச்சத்தைக் குறை. கீரை, பயறு, முழுதானியம், பச்சைக் காய்கறி எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு வெள்ளைச் சோறு, பிரெட், முட்டை, மீன் என்று சாப்பிடு. கலோரி அதேதான், குடலில் தங்கும் சக்கை மட்டும் குறையும். உன் உடம்புக்கு அதிலேயே அரை கிலோ பக்கம் இறங்கும். முந்தைய நாள் இரவுச் சாப்பாட்டைக் கொஞ்சம் சீக்கிரம் முடி, அளவும் சின்னதாக இருக்கட்டும். படுக்கும்போதும் எழுந்ததும் எடை பார்த்து, தூக்கத்தில் உனக்கு எவ்வளவு குறைகிறது என்று இப்போதிருந்தே குறித்து வை. அன்றிரவு அந்த எண் இருந்தால் நிம்மதியாகத் தூங்குவாய். தசையில் நீரைச் சேர்த்து வைக்கும் கிரியேட்டின் பொடியைக் கடைசி வாரத்தில் நிறுத்திப் பயனில்லை, தசையிலிருந்து அது வெளியேற ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். இதையெல்லாம் போட்டிக்கு மூன்று வாரம் முன்னால் ஒரு முறை ஒத்திகை பார்த்துவிடு.

எடை பார்த்து வெளியே வந்ததும் ஓ.ஆர்.எஸ். கலந்த தண்ணீர் அரை லிட்டரை மடக்கு மடக்காகக் குடி, அப்புறம் சோறோ பிரெட்டோ ஜாமோ, உனக்குப் பழகியது எதுவோ அது. எண்ணெய்ப் பண்டம் வேண்டாம். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு பெல்ட்டை இறுக்க முடியாமல் தவிக்கிற பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். டெட்லிஃப்ட் வர மணிக்கணக்காகும், இடையிடையே கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டுக்கொண்டே இரு.

போட்டி வாரத் திங்கட்கிழமை காலையில் 64.2-க்கு மேல் நின்றால் 69 கிலோ பிரிவில் இறங்கிவிடு. பிரிவை மாற்ற எப்போது வரை அனுமதி என்று அமைப்பாளர்களிடம் இப்போதே கேட்டு வை. 69-ல் 64 கிலோவாக நிற்பதில் ஒரு குறையும் இல்லை. டோட்டல் சமமாக வந்தால் எடை குறைந்தவருக்குத்தான் முன்னிடம். 63 என்றால் 63.00, அதற்கு மேல் பத்து கிராம்கூடத் தராசு விடாது. பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகத் 100 கிராமுக்காகத் தகுதி இழந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். இது உனக்கு இரண்டாவது போட்டி. ஒன்பது அட்டெம்ப்ட்டில் குறைந்தது எட்டு, நடுவர்கள் சரி என்று காட்டும் வெள்ளை விளக்கோடு முடிய வேண்டும், எனக்கு அதுதான் ஆசை. பிரிவு எதுவானாலும் எனக்குச் சம்மதம்.

இந்த வாரச் சராசரியை ஞாயிற்றுக்கிழமை அனுப்பு, கூடவே 90 சதவீத ஸ்குவாட் வீடியோவும், பக்கவாட்டில் இருந்து எடுத்ததாக. முதல் அட்டெம்ப்ட்டை இப்போதைய எடையில் யோசிக்காமல், குறைந்த எடையில் ஒத்திகை பார்த்த பிறகு முடிவு செய்யலாம் என்று கோச்சிடம் சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா