மாயாவியை மலை ரயிலில் ஏற்றிய தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

போன சனிக்கிழமை சாயங்காலம் குன்னூரில் என் ஜெராக்ஸ் கடைக்கு வந்து நீ வரைந்த ஒரு படத்தை ஆறு பிரதி எடுத்துக்கொண்டு போனாய். மழை வலுக்கும் முன் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம் உனக்கு. "காமிக்ஸில் வருகிற இரும்புக்கை மாயாவியா?" என்று கேட்டேன். "ஆமாண்ணா, சும்மா காப்பிதான். சொந்தக் கற்பனை இல்லைன்னு போட்டியில எடுத்துக்கல" என்று தலையைக் குனிந்துகொண்டாய். கடையில் கூட்டம். நான் பதில் சொல்வதற்குள் போய்விட்டாய். உன் பேரும் தெரியாது, நம்பரும் வாங்கவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். உன் கூட்டாளிகள் யாராவது பார்த்தால் உன்னிடம் காட்டுவார்கள்.

இருபது வருஷமாகக் காப்பி எடுப்பதுதான் என் பிழைப்பு. உன் படம் காப்பி இல்லை.

ரயில் மலை ஏறுகிறது; எஞ்சினைப் பின்னால் வைத்திருக்கிறாய். கல்லாறிலிருந்து குன்னூர் வரை அது தள்ளிக்கொண்டுதான் வரும் என்பது இங்கே வளர்ந்த பிள்ளைக்குத்தான் தெரியும். தண்டவாளத்துக்கு நடுவே ஓடும் பல் சட்டத்தைக்கூட நீ விடவில்லை. முன் பெட்டியில் பிரேக்ஸ்மேன் நிற்கிற இடத்தில் ஆளே இல்லை. பச்சைக் கொடியை ஓர் இரும்புக்கை மட்டும் பிடித்திருக்கிறது. சுற்றிலும் மூடுபனி. அந்தக் கொடியைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது, தம்பி. எனக்குத் தெரிந்து மாயாவி எந்தக் கதையிலும் நம்ம ரயிலில் ஏறியதில்லை. ஏற்றியவன் நீ.

அந்தக் கையை முதலில் வரைந்தவர்களில் முக்கியமானவர் ஸ்பெயின்காரர், ஹெசுஸ் பிளாஸ்கோ. 1962இல் இங்கிலாந்தின் 'வேலியன்ட்' வார இதழில் அந்தத் தொடர் ஆரம்பித்தது. பத்து வருஷம் கழித்து, 1972இல், சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸின் முதல் இதழே மாயாவிதான். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு முழுக்க மறையும், கை மட்டும் மறையாது. ஆளை வரையாமலே ஆள் அங்கே நிற்கிறான் என்று நம்ப வைக்க வேண்டும். அது லேசான வேலை இல்லை. கொடி மடங்கியிருக்கும் விதத்திலேயே நீ அதைச் செய்துவிட்டாய்.

ஆனால் கையில் ஒரு குறை இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். பென்சில் ஷேடை விரலால் தேய்த்து மெழுகியிருக்கிறாய். அதனால் இரும்பு கம்பளிக் கையுறை மாதிரி தெரிகிறது. வீட்டில் ஓர் எவர்சில்வர் டம்ளரை எடுத்து டியூப்லைட்டுக்கு அடியில் வைத்துப் பார். கரிய பட்டைக்கு ஒட்டினாற்போலவே வெள்ளைப் பட்டை நிற்கும். நடுவில் சாம்பல் நிறம் அநேகமாக இருக்காது. விரல் கணுக்களில் மையைக் கெட்டியாக நிரப்பு, பக்கத்தில் வெறும் காகிதத்தை அப்படியே விட்டுவிடு. பளபளப்பு தானாக வரும்.

அப்புறம் காகிதம். பெட்டிகளின் ஓரத்தில் மை ஊறிப் பரவியிருக்கிறது. அது உன் கைத்தவறு இல்லை, நம்ம ஊர் ஈரம். மழை மாசத்தில் என் ரீம்களை அலமாரிக்குள் வைத்து ஒரு குண்டு பல்பை எரியவிடுவேன், இல்லையென்றால் மெஷினில் சிக்கிக்கொள்ளும். நீயும் வரைகிற தாளைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, அதிகம் சூடாகாத காய்ந்த இடத்தில் வை. மை காயும் வரை உள்ளங்கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாள் இருக்கட்டும்.

இன்னொன்று, இது முக்கியம். படத்தின் மூலையில் உன் கையெழுத்துக்குப் பக்கத்தில் பிளாஸ்கோவின் பேரையும் எழுது. அந்தக் கையை நமக்குக் காட்டியவர் அவர். பிரதிகளை நண்பர்களுக்குக் கொடு, சுவரில் ஒட்டு. டீ-ஷர்ட்டில் அச்சடித்து விற்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடு. பாத்திரத்துக்கு உரிமைக்காரர்கள் இருக்கிறார்கள்.

அடுத்த படத்துக்கு ஒரு யோசனை. மாயாவிக்கு மின்சாரம் வேண்டுமே, நம்ம மலையிலேயே 1932இல் ஓட ஆரம்பித்த பைக்காரா மின்நிலையம் இருக்கிறது. ராத்திரி நேரம், தண்ணீர்க் குழாய்கள் சரிவில் இறங்குகின்றன, கீழே ஒரு கை மட்டும் சுவிட்சை நோக்கிப் போகிறது. எனக்கு வரைய வராது. நீ வரைந்தால் பார்க்க ஆசை.

சரி, வந்த விஷயம். ஒரிஜினலை மெஷின் கண்ணாடி மேலேயே விட்டுவிட்டாய். கவரில் போட்டு, அந்தக் குண்டு பல்பு அலமாரியில் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையும் மத்தியானம் வரை கடை திறந்திருக்கும். வந்து வாங்கிக்கொள்.

அன்புடன்,
ஜெராக்ஸ் கடை அண்ணன்