டைம் போடுதீங்க, காத்தையும் சேத்து போடுங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

நான் தோவாளையில பூ கட்டுற ஆளு. உங்க பேப்பர்ல விளையாட்டு பக்கத்த தான் மொதல்ல புரட்டுவேன், எங்க சின்னவ ஹர்டில்ஸ், அதான் தடை தாண்டுற ஓட்டம், ஓடுதா. 100 மீட்டர் ஹர்டில்ஸ் ஓடுற ஜோதி யர்ராஜி பத்தி எப்ப வந்தாலும் அப்பா செக்யூரிட்டி, அம்மா வீட்டு வேலைக்கு போனவங்க, விசாகப்பட்டினம், கஷ்டப்பட்ட குடும்பம்னு எழுதி முடிச்சிருதீங்க. அது உண்மை தான். ஆனா அந்தப் பிள்ள கதையில பாதி காத்து சார், அத யாரும் எழுதல.

அதே ஓட்டத்துல அனுராதா பிஸ்வால் 2002ல ஓடுன 13.38 செகண்டு தான் ரொம்ப வருஷமா தேசிய ரெக்கார்டு. 2020ல மூடபித்ரி யூனிவர்சிட்டி மீட்ல ஜோதி 13.03 ஓடிட்டா, ஆனா ஊக்கமருந்து டெஸ்ட் எடுக்கல, தடகள ஃபெடரேஷன் ஆளும் இல்ல, அதனால செல்லாது. 2022 ஏப்ரல்ல கோழிக்கோட்டுல 13.09, பின்னால இருந்து தள்ளுற பின்காத்து செகண்டுக்கு 2.1 மீட்டர், 2.0 வரைக்கும் தான் அனுமதி, அதுவும் போச்சு. அடுத்த மாசம் சைப்ரஸ் லிமாசோல்ல லேசான எதிர்காத்துல 13.23, இதான் ரெக்கார்டு! காத்து தெரியாம வெறும் டைம மட்டும் படிக்கவன் என்ன நெனப்பான், பிள்ள ஸ்லோ ஆயிட்டான்னு தானே? அதே வருஷம் அக்டோபர்ல காந்திநகர்ல 12.79, திரும்பவும் காத்து கூடிப்போச்சு, அவ அசரல, கொஞ்ச நாள்லயே பெங்களூர்ல 12.82 ஓடி கணக்குல ஏத்திட்டா. அடுத்த வருஷம் சீனாவுல செங்டுல 12.78. ஹாங்சோ ஏசியன் கேம்ஸ்ல பக்கத்து லேன்காரி முந்தி கெளம்புனதுக்கு இவளயும் சேத்து வெளிய போகச் சொன்னாங்க, நின்னு வாதாடி ஓடி வெள்ளி வாங்குனது தனிக் கத.

நான் எழுத வந்தது எங்க ஊர் விஷயம். முப்பந்தல்ல கரண்ட் எடுக்குற காத்தாடி சுத்தணும்னாலே செகண்டுக்கு 3 மீட்டராவது காத்து வேணும். ஆடி மாசம் ஆரல்வாய்மொழி கணவாய்ல நிக்கவன கேளுங்க. அப்படிப்பட்ட ஊர்ல ஒரு மீட்டுக்கு பிள்ளைய கூட்டிட்டு போனேன், சேலை பறக்குற காத்து, டைம் மட்டும் பேப்பர்ல எழுதுனாங்க. டைம் எழுதுனவர்கிட்ட காத்து எவ்வளவு சாரேன்னு கேட்டா, ஓடுனது பிள்ளையா காத்தான்னு சிரிக்காரு. பின்காத்து ஹர்டில்ஸுக்கு லாபம் மட்டும் இல்ல சார், பெரிய பிள்ளைங்க ஓட்டத்துல தடைக்கு தடை 8.5 மீட்டர், நடுவுல மூணு ஸ்டெப், காத்து தள்ளுனா கால் தடை கிட்ட போய் முட்டும். எங்க பிள்ள அன்னைக்கு ஏழாவது தடையில இடிச்சு முட்டி பேந்துச்சு. அது எழுந்து ஓடி முடிச்சதுக்கும் ஒரு டைம் இருக்கு, அந்த டைம வச்சு தான் அடுத்த செலக்‌ஷன்ல தள்ளிட்டாங்க.

அதனால மாவட்ட, மாநில ரிசல்ட் போடும்போது டைமுக்கு பக்கத்துல பின்காத்துன்னா +0.9, எதிர்காத்துன்னா -0.1ன்னு காத்தையும் போடுங்க, நாலு எழுத்து இடம் தான் பிடிக்கும். உங்க நிருபர் மீட் நடத்துறவங்க கிட்ட அந்த நம்பர கேக்கட்டும். இல்லேன்னு சொன்னா 'காத்து அளக்கல'ன்னாவது போடுங்க.

இப்படிக்கு,
தோவாளை வாசகர்