காசநோய்க் குளிசையும் ‘மெதுவான’ ஈரலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

காசநோய்க் குளிசை சிலரின் ஈரலைத் தாக்குவதற்குப் பரம்பரையும் ஒரு காரணம் என்று தங்கள் சுகாதாரப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். எழுதியது நல்லதே. ஆனால் அதில் வந்த ‘மெதுவானவர்கள்’ என்ற சொல்லை, மருந்து மெதுவாக வேலை செய்பவர்கள் என்று பலர் விளங்கிக்கொண்டிருக்கிறார்கள். அப்படியென்றால் குளிசையைக் கூட்டிப் போடலாமோ என்ற கேள்வியும் பிறந்துவிட்டது. விஷயம் நேர்மாறானது.

காசநோய்க் குளிசையிலுள்ள முக்கிய மருந்தான ஐசோனியசிட் ஈரலுக்குப் போனதும் என்ஏரி2 (NAT2) என்ற நொதியம் அதில் அசற்றைல் என்ற சிறு இரசாயனத் துண்டு ஒன்றை ஒட்டுகிறது. இந்த ஒட்டு வேலையின் வேகம் ஆளுக்கு ஆள் வேறு. ‘மெதுவானவர்’ என்பது மெதுவாக ஒட்டுபவரையே; அவரின் இரத்தத்தில் மருந்து கூடிய நேரம் நிற்கும். கிருமியைக் கொல்வதில் குறைவில்லை. சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. ஒட்டிய மருந்து உடைந்து அசற்றைல் ஐதரசீன் உண்டாகிறது. அதன்மேலும் இதே நொதியம் இன்னோர் அசற்றைலை ஒட்டினால்தான் அது தீங்கற்றதாகிச் சிறுநீரோடு போகும். அங்கே சுணக்கம் ஏற்பட்டால் சிவைபி2ஈ1 என்ற வேறொரு நொதியம் அதைப் பிடித்து ஈரல் கலங்களைக் கெடுக்கும் நஞ்சாக்கிவிடும். கசிப்போ சாராயமோ தொடர்ந்து குடிப்பவரிடம் இந்த நொதியம் கூடுதலாக இருக்கும். பனடோல் அளவுக்கு மிஞ்சினால் அதை நஞ்சாக்குவதும் இதுவே.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. ஐசோனியசிட் 1952இல் பாவனைக்கு வந்தது. 1960இல் குடும்ப ஆய்வு ஒன்று இந்த வேகம் பெற்றோரிடமிருந்து வருவது என்று காட்டிவிட்டது. தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் மெதுவான பரம்பரையலகு கிடைத்தவரே மெதுவானவர். யப்பானில் 100 பேரில் 10 பேரளவில்தான் அப்படி. எகிப்தில் 80க்கு மேல். தென்னாசியாவில் பாதிப்பேர் அல்லது அதற்கும் மேல். அதாவது நமக்கு இது அரிதான குறைபாடு அல்ல, கிளினிக் வரிசையில் நிற்பவர்களில் ஏறத்தாழ இரண்டில் ஒருவரின் இயல்பு.

இவர்களுக்கு ஈரல் பாதிப்பு வரும் வாய்ப்பு, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், மற்றவர்களைவிட மூன்று மடங்களவு கூட. இருந்தும் பெரும்பாலானோர் ஆறு மாதச் சிகிச்சையையும் சுகமாக முடிக்கிறார்கள். வேகமானவர் தப்பிவிட்டார் என்றும் இல்லை. கூடவே கொடுக்கப்படும் பைரசினமைட், ரிபாம்பிசின் என்ற காசநோய் மருந்துகளும் தம் பங்குக்கு ஈரலைத் தாக்கக்கூடியவை, அவற்றை என்ஏரி2 கவனிப்பதில்லை. 2002இல் வெளியான தில்லி ஆய்வு ஒன்றில் நோயெதிர்ப்போடு தொடர்புடைய எச்எல்ஏ பரம்பரையலகுகளோடு வயதும், நோய் பரவிய அளவும், இரத்தத்தில் அல்புமின் என்ற புரதத்தின் குறைவும் ஈரல் பாதிப்புக்கான காரணிகளாக ஒரே பட்டியலில் நின்றன. பரம்பரையை மாற்ற முடியாது. வெறுஞ்சோற்றோடு நாளைக் கழிப்பவருக்கு முட்டையும் பயறும் மீனும் கிடைக்கச் செய்யலாம்.

யப்பானில் 2013இல் வெளியான பரிசோதனையில் மெதுவானவர்களுக்கு ஐசோனியசிட் அளவை உடல் நிறையின் ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராமிலிருந்து 2.5 ஆகக் குறைத்தபோது அவர்களில் எவருக்கும் ஈரல் பாதிப்பு வரவில்லை. இதைப் படித்துவிட்டு வீட்டில் ஒரு குளிசையைக் குறைப்பதுதான் நாங்கள் அஞ்சுவது. நம் கையில் இருப்பது நான்கு மருந்தும் ஒன்றாகச் சேர்ந்த குளிசை: ஐசோனியசிட் 75, ரிபாம்பிசின் 150, பைரசினமைட் 400, எதம்பியூட்டோல் 275 மில்லிகிராம். 40 முதல் 54 கிலோவுக்கு மூன்று, 55 முதல் 70 கிலோவுக்கு நான்கு. ஒன்றைக் குறைத்தால் நான்கும் குறையும். நோய் மருந்துக்கு மசியாத நிலைக்குப் போக அது போதும்.

பரம்பரைப் பரிசோதனை நம் கிளினிக்குகளில் வழக்கமாகச் செய்யப்படுவதல்ல. ஆகவே ஒவ்வொருவரையும் மெதுவானவராக இருக்கலாம் என்றே நினைத்துக் கவனிப்பது பாதுகாப்பு. பாதிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு மாதத்தில் வரும். பசியின்மை, ஓங்காளம், சத்தி, வலது விலாவின் கீழ் நோ, காரணமில்லாத களைப்பு ஆகியவை முந்தி வரும். கண் மஞ்சளாவது பிந்தி. சிறுநீர் நிறத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ரிபாம்பிசினால் அது செம்மஞ்சளாகப் போகும், அது வழமை, பயப்பட ஒன்றுமில்லை. சாயத்தண்ணி போலக் கறுத்துப் போனால் செங்கண்மாரியின் அடையாளம். (ஐசோனியசிட் எடுக்கும் நாட்களில் சூரை மீன் சாப்பிட்டு முகம் சிவந்து தலையிடிப்பது வேறு விஷயம், மீனிலுள்ள ஹிஸ்டமினை உடைக்கவிடாமல் மருந்து தடுப்பதால் வருவது. ஈரலுக்கும் அதற்கும் தொடர்பில்லை.)

மேற்சொன்ன குறிகள் கண்டால் அடுத்த நேரக் குளிசையைப் போடாமல் அன்றைக்கே வைத்தியரிடம் போகவேண்டும். அடுத்த கிளினிக் திகதி வரும்வரை பார்த்திருக்கக்கூடாது. துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ இருப்பவர் மாவட்ட மார்பு நோய் சிகிச்சை நிலையத்துக்கு பஸ் கிடைக்கவில்லையென்றால் கிட்டவுள்ள வைத்தியசாலைக்குச் சிகிச்சை அட்டையும் குளிசை மட்டையுமாகப் போகலாம். பனடோலும் கீழ்க்காய்நெல்லிச் சாறுமாகக் குளிசையையும் தொடர்ந்துகொண்டு இரண்டு கிழமை கடத்துவதே ஆபத்தான வழி. கண் மஞ்சளான பிறகும் குளிசை போட்டவர்களிடையேதான் மரணம் கூடுகிறது.

இரத்தத்தில் எஸ்ஜிபிரி (SGPT) பார்ப்பார்கள்; ஈரல் கலங்கள் கெடும்போது இரத்தத்தில் ஏறும் நொதியம் அது. மேல் எல்லை 40 என்றால், குறிகள் இருப்பவருக்கு 120ஐத் தாண்டியதும், குறிகள் இல்லாதவருக்கு 200ஐத் தாண்டியதும் மருந்தை நிறுத்துவார்கள். ஐசோனியசிட் எடுப்பவர்களில் 100க்கு 10 முதல் 20 பேருக்குச் சிறிய ஏற்றம் வந்து தானாக இறங்கும். அதற்காக நிறுத்துவது வீண். நிறுத்தியபின் 80க்குக் கீழே வந்ததும் மருந்துகளை ஒவ்வொன்றாகத் திருப்பித் தொடங்குவார்கள்: முதலில் ரிபாம்பிசின், சில நாள் விட்டு ஐசோனியசிட், இடையிடையே இரத்தப் பரிசோதனை. பாதிப்புக் கடுமையாக இருந்தால் பைரசினமைட்டை விட்டுவிட்டுச் சிகிச்சையை ஒன்பது மாதமாக நீட்டுவது வழக்கம். எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கினால் குற்றவாளி எது என்று பிடிபடாது.

இன்னொன்றும் கட்டுரையில் விடுபட்டிருக்கிறது. நோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்குத் தடுப்பாகவும் ஐசோனியசிட் கொடுக்கப்படுகிறது. அண்ணனுக்கு இந்தக் குளிசையால் செங்கண்மாரி வந்திருந்தால், தடுப்பு மருந்து தொடங்கும் தங்கை அதைக் கிளினிக்கில் சொல்லவேண்டும். ஒரே தாய் தகப்பனிடமிருந்து வந்த பரம்பரையலகுகள்தான் இருவரிடமும் இருப்பவை. மருந்தை மறுப்பதற்கல்ல, தொடங்குமுன் ஒருமுறையும் ஒரு மாதம் போக ஒருமுறையும் ஈரல் பரிசோதனை செய்விப்பதற்காக.

சிகிச்சை தொடங்கும் நாளில் பார்த்த எஸ்ஜிபிரி அளவு அட்டையின் முன்பக்கத்தில் எழுதப்படவேண்டும். அது இல்லாததால், பிறகு வேறு வைத்தியசாலையில் 90 என்று வரும்போது அது ஏறிய 90ஆ, முதலே இருந்த 90ஆ என்று தெரியாமல் வைத்தியர் திண்டாடுகிறார். அந்த இலக்கத்தை எழுதித்தரும்படி கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு என்பதையும் தங்கள் பத்திரிகை வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
காசநோய்ச் சிகிச்சைப் பணியிலுள்ள சிலர்,
வன்னி